உணவுக் கொள்கை பேசும் இடத்தில் நம் சங்கத்துக்கும் ஒரு நாற்காலி

ஒவ்வோர் ஆண்டும் வேளாண் நிதிநிலை அறிக்கை வருவதற்கு முன்னால் விவசாயிகளிடம் கருத்துக் கேட்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை தாக்கலானது முதல் இது வழக்கமாகிவிட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியானது. சிறுதானிய இயக்கமும் அதே ஆண்டில் தொடங்கியது. மண்ணைக் கெடுக்காத, உடம்பைக் கெடுக்காத உணவை எப்படி விளைவிப்பது, யாரிடம் வாங்குவது, யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு ஊர் ஊராக நடக்கிறது. வரவேற்க வேண்டிய பேச்சுதான். நமக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி. அந்தப் பேச்சு நடக்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் யார்?

பதிவு பெற்ற பெரிய விவசாய சங்கங்களின் தலைவர்கள் இருப்பார்கள். ஆலைக்குக் கரும்பு கொடுப்பவர்கள், தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள், போர்வெல் போட்டவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் குறை உண்டு, அவர்கள் பேசட்டும். ஆனால் ஒன்றரை ஏக்கர் வாரத்துக்கு உழுகிறவர், பூமிதான நிலத்திலோ அரசு ஒப்படை நிலத்திலோ மானாவாரியாகக் கேழ்வரகு போடுகிறவர், இருபது பெண்கள் சேர்ந்து தரிசைக் குத்தகைக்கு எடுத்து உளுந்து விதைக்கிற குழு ஆகியோர் அந்த அழைப்புப் பட்டியலில் இருக்கிறார்களா? இருந்தால் எந்த வரிசையில்? பேசினால் யார் எழுதிக்கொள்கிறார்கள்?

இந்த மாநிலத்தின் விவசாயம் பெரிய பண்ணைகளின் விவசாயம் அல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளர் கையில் உள்ள நிலத்தின் சராசரி 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சாகுபடியாளர்களில் 93 சதவீதம் பேர் சிறு, குறு விவசாயிகள். மறுபுறம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியலின மக்கள் 20 சதவீதம். கிராமத்தில் இருக்கும் நம் மக்களில் பெரும்பகுதியினர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்குகிறவர்கள். நிலம் உள்ளவர்களும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர்கள். ஆக, விதைப்பவர்களில் பெரும்பான்மை ஒரு பக்கம் நிற்க, விதைப்பைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பான்மை வேறொரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

தனித்தனி ஆளாகப் போனால் குறு விவசாயியின் குரல் எடுபடாது. அதனால்தான் சங்கம். இது நமக்குப் புதிதல்ல. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த 1904ஆம் ஆண்டிலேயே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாகிவிட்டது. அப்படியிருக்க, 120 ஆண்டுக்குப் பிறகும் கூட்டுறவு என்ற சொல் சேரிக்குள் கடன் வாங்கும் இடமாக மட்டுமே தெரிகிறது. அது ஏன் என்று கேட்டால் விடை காகிதத்தில் இருக்கிறது.

காகிதம் யார் பெயரில்?

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வேண்டுமென்றால் பட்டா, சிட்டா, அடங்கல் வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை கொண்டுபோனால் கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கும் பிரதமரின் கிசான் திட்டம் நிலம் பெயரில் உள்ள குடும்பத்துக்குத்தான். வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவருக்கு இதில் ஒன்றும் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் பதிவுக்குக் கை நீட்டினால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று உழுகிறவருக்குத் தெரியும். எனவே வயலில் இருப்பவர் ஒருவர், அடங்கலில் இருப்பவர் வேறொருவர். கொள்கை வகுப்பவர்கள் பார்ப்பது அடங்கலைத்தான்.

நிலம் பெயரில் இல்லாமல் போன கதையும் நமக்குத் தெரிந்ததே. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. முதல் பத்தாண்டுக்கு யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பஞ்சமி நிலத்தை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். நிலக் கோரிக்கை நமக்கு உயிர்க் கோரிக்கை. ஆனால் அதை வருவாய்த் துறைக்கு மட்டும் உரிய மனுவாக ஒதுக்கிவைத்துவிட்டு, வேளாண் துறை கூட்டத்தில் உரம், விதை, மானியம் மட்டும் பேசினால் போதும் என்கிறார்கள். அங்கேதான் கோளாறு.

மண்ணை வளமாக்கியது யார், அறுப்பது யார்?

அங்கக வேளாண்மையையே எடுத்துக்கொள்வோம். ரசாயன உரத்தை நிறுத்திய முதல் சில போகங்களில் விளைச்சல் குறையலாம். தொழு உரம், பசுந்தாள் உரம், மண்புழு உரம் என்று போட்டுப் போட்டு மண் திரும்ப உயிர் பெற ஆண்டுகள் ஆகும். சொந்த நிலம் உள்ளவர் இந்தச் சுமையைத் தாங்கலாம். பலன் அவர் வீட்டுக்கே வரும். வாரத்துக்கு உழுகிறவர் மூன்று ஆண்டு உழைத்து மண்ணைத் தேற்றிய பிறகு, "அடுத்த வருஷம் நாங்களே பார்த்துக்கறோம்" என்று உடைமையாளர் சொல்லிவிட்டால்? இந்த ஒரு கேள்விக்கு விடை இல்லாத எந்த இயற்கை வேளாண் திட்டமும் நம் மக்களுக்குப் பாதித் திட்டம்தான். குத்தகைக் காலத்துக்கு உறுதி கொடுக்காமல் மண்ணுக்கு உறுதி கொடுக்க முடியாது.

தொழு உரத்துக்கு மாடு வேண்டும். மாட்டுக்கு மேய்ச்சல் வேண்டும். மேய்க்கால் புறம்போக்கு எங்கே இருக்கிறது, யார் வளைத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சான்றிதழும் அப்படியே. பங்கேற்பு உத்தரவாத முறையில் குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகி ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்று கொடுக்கலாம். சிறு விவசாயிகளுக்கு ஏற்ற நல்ல முறை. ஆனால் ஊர்த்தெரு விவசாயிகளின் குழுவில் சேரித்தெரு விவசாயியைச் சேர்ப்பார்களா? சேர்த்தால் அவர் நிலத்துக்கு வந்து பார்ப்பார்களா, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்களா? இந்தக் கேள்விகள் எந்தக் கையேட்டிலும் கிடையாது. அனுபவித்தவர் வாயிலிருந்துதான் வரும்.

சிறுதானியத்துக்கு வருவோம். 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் நியாயவிலைக் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகும் சாமையும் வரகும் ஒரு காலத்தில் ஏழையின் சோறு என்று ஒதுக்கப்பட்டவை. அவற்றை விடாமல் விதைத்துக் காப்பாற்றியவர்கள் மலையடிவாரத்து, மானாவாரி நிலத்துச் சிறு விவசாயிகள். இன்று அவை பட்டணத்தில் அழகான பைகளில் விலையேறி நிற்கின்றன. அந்த விலையில் விளைவித்தவருக்கு எவ்வளவு வருகிறது? கொள்முதலுக்குக் கல், மண், ஈரம் நீக்கிக் கொண்டுவா என்கிறார்கள். காயவைக்கக் களம் வேண்டும். ஊர்க் களத்தில் இடம் கிடைக்காமல் தார்ச்சாலையில் காயவைத்து, லாரி ஏறி வீணாகும் தானியத்தைக் கூட்டி அள்ளுகிற பெண்ணுக்கு முதல் தேவை மானிய விதை அல்ல. சேரிக்குப் பக்கத்தில் ஒரு களமும் ஒரு கிட்டங்கியும். அவர் அந்தக் கூட்டத்தில் இருந்தால் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

2022-23 வேளாண் நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்கு வழக்கமான மானியத்துக்கு மேல் 20 சதவீதம் கூடுதல் மானியம் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் மானியம் போக மீதிப் பணத்தை யார் கொடுப்பது? பவர் டில்லரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு என்றாலும், கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அது மலை. தனி ஆளுக்குப் பதிலாகச் சங்கத்தின் பெயரில் வாங்கி, முறைவைத்து ஓட்டினால் மலை குன்றாகும். இந்த யோசனை நம் பெண்கள் குழுக்களில் எத்தனையோ முறை பேசப்பட்டதுதான். பேசிய இடம் மட்டும் ஆட்சியர் அலுவலகம் அல்ல, ஆலமரத்தடி.

விவசாயிக்குச் சாதி உண்டா?

"விவசாயிக்கு ஏது சாதி? எல்லாருக்கும் ஒரே விலை, ஒரே தண்ணீர்" என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். விலைக்கும் தண்ணீருக்கும் எல்லாரும் சேர்ந்தே போராட வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தது கூலி நெல் கேட்ட போராட்டம். நெல்லை விளைவித்தவர்களும் எரித்தவர்களும் ஒரே வயலைச் சேர்ந்தவர்கள்தான். வயல் ஒன்று, வரப்பு வேறு.

கூட்டுறவும் இதற்கு விலக்கல்ல. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய ஆய்வை வைத்து 2006இல் வெளியான கிராமப்புறத் தீண்டாமை பற்றிய நூல், ஏறக்குறையப் பாதிக் கிராமங்களில் தலித்துகள் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்ற முடியவில்லை என்று பதிவு செய்தது. பாலுக்கே இந்தக் கதி. நம் மாநிலத்தில் தலித் பெண் சமைத்தால் சத்துணவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டோம் என்று பெற்றோர் மறித்த செய்திகளையும் படித்திருக்கிறோம். எனவே உணவுக் கொள்கை என்பது விளைச்சல் கணக்கு மட்டுமல்ல. யார் விளைத்ததை யார் வாங்குவார், யார் சமைத்ததை யார் உண்பார் என்ற கணக்கும் அதில் அடக்கம்.

நாற்காலி மட்டும் போதுமா?

கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுவில் பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்கும் சட்டப்படி இடம் உண்டு. ஆனால் 2018இல் தேர்வான குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023இல் முடிந்த பிறகு, சங்கங்களைத் தனி அலுவலர்கள் நடத்தும் நிலை வந்தது. தேர்தல் நடந்த காலத்திலும், ஒதுக்கீட்டில் வந்த உறுப்பினரின் வீட்டுக்கே தீர்மானப் புத்தகம் வந்து கையெழுத்து வாங்கிப்போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஊராட்சியில் என்ன நடக்கிறது? தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022இல் 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் எடுத்த ஆய்வில், 22 ஊராட்சிகளில் தலித் தலைவருக்கு உட்கார நாற்காலியே இல்லை. சட்டம் கொடுத்த இடமும் ஊர் கொடுக்கும் இடமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிரதிநிதித்துவம் என்றால் என்ன என்பதை 1919இலேயே சௌத்பரோ குழுவின் முன் அண்ணல் அம்பேத்கர் தெளிவாக்கினார். மக்களின் கருத்து அவையில் ஒலித்தால் மட்டும் போதாது, அந்த மக்களே அங்கே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு முந்தைய ஆண்டில் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தியாவின் சிறு நிலங்களைப் பற்றியது. 1947இல் அவர் முன்வைத்த "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" திட்டத்தில், சாதி பாராமல் நிலத்தைக் கிராம மக்களுக்குக் குத்தகைக்கு விட்டுக் கூட்டுப் பண்ணையாக நடத்த வேண்டும் என்று கேட்டார். சிறு நிலம், கூட்டு உழைப்பு, நேரடிப் பிரதிநிதித்துவம் மூன்றையும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே யோசித்தவர் நமக்கு இருக்கிறார். சிலைக்கு மாலை போடும் நாளில் இதையும் நினைக்க வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஜகீராபாத்தைக் காட்டலாம். இன்றைய தெலங்கானாவின் வறண்ட அந்தப் பகுதியில், தக்காண வளர்ச்சிச் சங்கத்தோடு இணைந்த கிராமப் பெண்கள் சங்கங்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். தரிசாகக் கிடந்த நிலத்தைத் திருத்திச் சோளம் விதைத்தார்கள். கடனாக வாங்கியதைத் தானியமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தானியத்தை ஊரிலேயே சேமித்து, யார் வீட்டில் பசி அதிகம் என்பதைத் தாங்களே கணக்கெடுத்துக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள்.

2001 ஜூன் இறுதியில் அப்பகுதியின் அல்கோல் கிராமத்தில் "பிரஜா தீர்ப்பு" என்ற மக்கள் மன்றம் கூடியது. அன்றைய ஆந்திர அரசின் "தொலைநோக்கு 2020" திட்டம் விசாரணைக்கு வந்தது. தீர்ப்பளிக்க உட்கார்ந்தவர்கள் சிறு, குறு விவசாயிகள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அரசுத் தரப்பும் விதை நிறுவனத் தரப்பும் விஞ்ஞானிகளும் சாட்சி சொன்னார்கள். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான குழு நடைமுறையை மேற்பார்வையிட்டது. நிலத்தை நம்பி வாழ்வோரை 70 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைக்கும் யோசனையையும் மரபணு மாற்றப் பயிர்களையும் அந்த மன்றம் மறுத்தது. விதையும் மண்ணும் நீரும் ஊரின் கையில் இருக்க வேண்டும் என்றது. அத்தீர்ப்பு சட்டமாகிவிடவில்லை. ஆனால் ஒன்று நிரூபணமானது: ஆவணத்தைத் தாய்மொழியில் விளக்கி, கேள்வி கேட்க நேரம் கொடுத்தால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் மாநிலக் கொள்கையைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பார்.

நாம் கேட்பது இவை

அழைப்புப் பட்டியலில் குத்தகைதாரர், நிலமற்ற பெண்கள், ஒப்படை நிலத்தவர் ஆகியோரின் சங்கங்களும் குழுக்களும் இடம்பெற வேண்டும். பதிவு எண் இல்லை என்று தள்ளக் கூடாது. பேராளரை அதிகாரியோ கட்சியோ பொறுக்கி எடுக்கக் கூடாது. சங்கமே கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். இருவர் போனால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பட்டியலினத்துக்குள்ளும் எண்ணிக்கையில் குறைந்த அருந்ததியர் போன்றோரின் முறை தவறக் கூடாது. பேசப்போகும் பொருள் பதினைந்து நாளுக்கு முன்பே எளிய தமிழில் கிராமத்துக்கு வர வேண்டும். கூட்டத்துக்கு வருகிற கூலி விவசாயிக்கு அன்றைய கூலியும் பேருந்துக் கட்டணமும் தர வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து கருத்துச் சொல் என்பது, வராதே என்பதன் நாகரிகமான வடிவம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்ன கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். ஏற்றால் எப்போது, மறுத்தால் ஏன் என்று அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும். குத்தகைச் சாகுபடிக்குச் சங்கம் கொடுக்கும் சான்றைக் கடனுக்கும் கொள்முதலுக்கும் ஏற்க வழி காண வேண்டும். காலை உணவுக்கும் சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் வாங்கும் தானியத்தில் ஒரு பங்கை இத்தகைய சங்கங்களிடம் நேராக வாங்க வேண்டும். 2024இல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் கீழ் வரும் பணத்தில் களமும் கிட்டங்கியும் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

கேட்காமல் எதுவும் வராது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன. அடுத்த சபையிலேயே நம் குழுவின் பேராளரை மாவட்டக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் சேரியில் யார் யார், எவ்வளவு நிலத்தில், என்ன குத்தகைக்கு, என்ன பயிர் வைக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உடைமையாளரின் கண்ணில் படாமல் அதைப் பத்திரமாக வைப்பதும் உங்கள் பொறுப்பு. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், கடந்த ஓராண்டில் மாவட்ட வேளாண் கூட்டங்களுக்கு அழைக்கப்பட்ட சங்கங்களின் பட்டியலைக் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான். நோட்டையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் விதைக்கிறார்கள், யார் பேசுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்த இரண்டு தாள்களோடு போகிறவரை, "உங்களுக்கு என்ன தெரியும்" என்று யாரும் வாசலில் நிறுத்த முடியாது.